எங்கள் சுமை வண்டி

துப்பாக்கி சுடும் போட்டி என்றதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது என்ன? பளபளக்கும் துப்பாக்கி, கறுப்பு வட்டம் வரைந்த இலக்கு, காதைப் பிளக்கும் ஓசை, முடிவில் கைதட்டலும் வெள்ளிக் கோப்பையும்! ஆனால் அன்புத் தோழியரே, ஐந்தே ஐந்து தோட்டாக்களைச் சுடுவதற்காக எத்தனை மூட்டை முடிச்சுகளைச் சுமந்து செல்ல வேண்டும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை. சுமந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்!

இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் அறுவர், எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் நம் பள்ளி என்.சி.சி.யின் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தவர்கள். 'ஏ' சான்றிதழ்த் தேர்வை எழுதி முடித்து, சீருடையையும் மடித்துக் கொடுத்துவிட்டோம். போகும்போது நாங்கள் விட்டுச் செல்வது ஒன்று உண்டு. விளையாட்டுப் பொருள் அறைக்குப் பக்கத்தில், நீல வண்ணம் பூசி, சாக்குப் போர்த்தி நிற்கிறதே இரண்டு சக்கர வண்டி, அதுதான்! அதை ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், எவ்வாறு காக்க வேண்டும் என்பதை எங்களுக்குப் பின் வரும் தங்கைகளுக்காக இங்கே எழுதுகிறோம். பெற்றோர்களும் படித்தால் மகிழ்வோம். ஏனெனில் இந்த வண்டி பிறந்ததற்கு ஒரு பெற்றோரின் கண்ணீரே காரணம்.

வண்டி பிறந்த கதை

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது முதன்முதலாகப் போட்டிக்குச் சென்றோம். சுடுதளம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பஸ் நிற்கும் சாலையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் மணல் பாதை. இருபுறமும் வேலிக்கருவை. நிழல் என்பது பேருக்கும் கிடையாது.

நாங்கள் கொண்டு சென்றவற்றைக் கேளுங்கள். படுத்துச் சுடும்போது துப்பாக்கியைத் தாங்குவதற்கான மணல் மூட்டைகள் 4; அவற்றின் எடை 20 கிலோ. தரையில் விரிக்கும் கனத்த விரிப்புகள் 6 கிலோ. இலக்குத் தாளை ஒட்டும் மரச் சட்டங்கள் 9 கிலோ. இரண்டு கேன்களில் தண்ணீர் 16 கிலோ. முதலுதவிப் பெட்டி 2 கிலோ. சுத்தியல், ஆணி, பசை, இலக்குத் தாள்கள், சிவப்புக் கொடி எல்லாம் சேர்ந்து 3 கிலோ. சாப்பாட்டுப் பைகள் 4 கிலோ. ஆக மொத்தம் 60 கிலோ! ஆளுக்குப் பத்துக் கிலோ என்று பங்கிட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டுதான் புறப்பட்டோம். பாதி வழியில் பாட்டு நின்றது. கொஞ்ச தூரத்தில் பேச்சும் நின்றது. எங்களில் மிகச் சிறியவளான தோழி ஒருத்தி, இடுப்பில் மணல் மூட்டையுடன் கால் இடறி விழுந்தாள். மணிக்கட்டு பிசகி, சிறிது நேரத்தில் பூரிபோல் வீங்கிவிட்டது.

அவளால் அன்று சுட முடியவில்லை. மற்ற ஐவரும் சுட்டோம். சுட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்! கை நடுங்கியது, மூச்சு வாங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசி இடம் எங்களுக்கே கிடைத்தது.

மறுநாள் அவளுடைய தந்தையும் பாட்டியும் பள்ளிக்கு வந்தார்கள். தந்தை ஒன்றும் பேசவில்லை. பாட்டிதான் கண் கலங்க, "ஏன் சிஸ்டர், பொம்பளப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி எதுக்கு? அதுக்கு மேல மூட்டை வேற தூக்கணுமா?" என்று கேட்டார். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் அவரை அமர வைத்து, காப்பி கொடுத்து, பொறுமையாகப் பேசி அனுப்பினார்கள். பிறகு எங்களை அழைத்தார்கள். "துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் கை பிசகித் திரும்பி வரும் ஒரு போட்டிக்கு இனி அனுப்பவும் மாட்டேன். சுமைக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். அதன் பிறகு போட்டியைப் பற்றிப் பேசலாம்" என்றார்கள்.

அணியே கலைந்துவிடும் நிலை! அன்று மாலை கோயிலில் ஜெபமாலை சொல்லும்போதுகூட எங்கள் நினைவெல்லாம் மணல் மூட்டையிலேயே இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கை நடுங்கினால் என்ன ஆகும்?

சுமை தூக்கிய கைக்கும் தவறிய குறிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். எங்கள் இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கைக் கூறுகிறோம். துப்பாக்கியில் கண்ணுக்கு அருகில் பின்குறியும், குழலின் முனையில் முன்குறியும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை 1 மில்லிமீட்டர் மட்டுமே விலகினால், 25 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கில் குண்டு எவ்வளவு விலகும்? 25 மீட்டர் என்பது 60 செ.மீ.யைப் போல் ஏறத்தாழ 42 மடங்கு. ஆகவே குண்டு 42 மி.மீ. விலகிவிடும். இலக்கு 50 மீட்டரில் இருந்தால் 83 மி.மீ. விலகும்!

ஒரு மில்லிமீட்டர் என்பது குண்டூசியின் தலை அளவுகூட இல்லை. பத்துக் கிலோவை முக்கால் கிலோமீட்டர் சுமந்த கை, அதைப்போல் பல மடங்கு நடுங்கும். அதனால்தான் நல்ல வீரர்கள் சுடுவதற்கு முன் ஓய்வாக அமர்ந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொள்கிறார்கள். சுடுபவரின் கை சுமைதூக்கியின் கையாக இருக்கக் கூடாது என்பதை இந்தக் கணக்கு எங்களுக்கு உணர்த்தியது.

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

அப்போது எங்கள் என்.சி.சி. ஆசிரியை ஒரு செய்தி சொன்னார்கள். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், கேம்ப் பெர்ரி என்ற இடம் உள்ளது. அந்நாட்டின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் 1907-ஆம் ஆண்டில் அங்கே மாற்றப்பட்டன. அங்கு ஒரே இடத்திலிருந்து சுட்டுவிட்டு வீடு திரும்ப முடியாது. முதலில் 200 கஜத்தில் நின்றும் அமர்ந்தும் சுடவேண்டும். பிறகு 300 கஜத்தில் படுத்துச் சுடவேண்டும். கடைசியாக 600 கஜம் சென்று மீண்டும் படுத்துச் சுடவேண்டும். மொத்தம் 50 தோட்டாக்கள். ஒவ்வொரு தடவையும் விரிப்பு, தொலைநோக்கி, கனத்த சட்டை, முக்காலி, தண்ணீர், மழைத் துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர வேண்டும். ஆகையால் போட்டியாளர்களில் பலர் ஆளுக்கொரு சிறு வண்டி வைத்திருக்கிறார்களாம். குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டியை மாற்றியமைத்தவர்களும் உண்டு. இரும்புக் குழாயை வளைத்துத் தாமே செய்துகொண்டவர்களும் உண்டு.

'அவர்களால் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது?' என்று எங்களுக்குத் தோன்றியது. அவர்களுக்கு ஆளுக்கொரு வண்டி. எங்களுக்கோ ஆறு பேருக்கு ஒரு வண்டி. ஊர் கூடித் தேர் இழுக்கலாம் அல்லவா?

முதலில் சுமையைக் குறைத்தோம்

வண்டி செய்வதற்கு முன், எதை ஏற்றப் போகிறோம் என்று பட்டியல் போட்டோம். அந்தப் பட்டியலை எங்களுக்குப் பயிற்சி தரும் இராணுவ ஹவில்தாரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, சுடுதளம் முழுக்க மணல்தானே கிடக்கிறது? இங்கிருந்து எதற்கு மணலைச் சுமந்து போகிறீர்கள்?" என்றார். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக அல்லவா இருக்கிறது? அன்று முதல் வெறும் பைகளையும் ஒரு சிறு மண்வெட்டியையும் மட்டுமே எடுத்துச் செல்கிறோம். அங்கேயே நிரப்பி, திரும்பும்போது கொட்டிவிடுவோம். ஒரு நொடியில் 20 கிலோ குறைந்து, சுமை 40 கிலோ ஆயிற்று.

தங்கைகளே, இதுதான் முதல் பாடம். எந்தச் சுமைக்கும் வண்டி தேடுமுன், அது வேண்டிய சுமைதானா என்று கேட்டுப் பாருங்கள்.

சக்கரமே முக்கியம்

எங்கள் முதல் வண்டி ஒரு நாள்கூட ஓடவில்லை. உடைந்த மேசை ஒன்றின் அடியில் இருந்த சிறு உருளைகளைக் கழற்றி ஒரு பலகையில் பொருத்தினோம். பள்ளி வராந்தாவில் அது பறந்தது. மணலில் இறக்கியதும் புதைந்து நின்றது. சிறு கல் எதிர்ப்பட்டாலும் முரண்டு பிடித்தது.

இதற்கும் கரும்பலகையில் விடை கிடைத்தது. 3 செ.மீ. உயரமுள்ள கல்லின்மீது ஏறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. குறுக்களவுள்ள சிறு உருளையை நேராக இழுத்து அந்தக் கல்லில் ஏற்ற, அதன்மேல் உள்ள சுமையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை வேண்டும்! அதாவது வண்டியில் ஏற்றுவதைவிடத் தலையில் தூக்கிச் செல்வதே மேல். 50 செ.மீ. குறுக்களவுள்ள சக்கரமாக இருந்தால், சுமையில் ஏறத்தாழப் பாதி அளவு விசையே போதும். நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு ஆள் உயரச் சக்கரம் வைத்தது ஏன் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மேலும், பெரிய சக்கரம் மண்ணில் அதிக இடத்தில் படிவதால் எளிதில் புதைவதும் இல்லை.

ஆகவே பழைய இரும்புக் கடைக்குச் சென்று, சிறுவர் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரங்கள் இரண்டை வாங்கினோம். விலை 600 ரூபாய். சட்டத்திற்குத் தேவையான ஆங்கிள் இரும்பு, நம் பள்ளியில் ஒடிந்து கிடந்த பெஞ்சுக் கால்களிலிருந்து கிடைத்தது. வெல்டிங் கூலி 700 ரூபாய், பலகைக்கு 300 ரூபாய், பெயிண்டுக்கு 250 ரூபாய். மொத்தச் செலவு 1,850 ரூபாய். பங்குத் திருவிழாவில் எலுமிச்சைச் சாறும் சுண்டலும் விற்று இந்தப் பணத்தைச் சேர்த்தோம். வாங்கிக் குடித்த அனைவருக்கும் நன்றி!

இங்கேயும் ஒரு பிழை செய்தோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் இரும்பைப் பற்றவைத்து மாட்டச் சொன்னோம். வெல்டிங் பட்டறைப் பெரியவர், "பாப்பா, சைக்கிளில் பார்த்ததில்லையா? இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் அச்சு வளைந்துவிடும்" என்று எச்சரித்தார். நாங்கள் அவசரத்தில் கேட்கவில்லை. இரண்டாம் நாளே ஒரு சக்கரம் நொண்டியைப்போல் சாய்ந்தது. மறுபடியும் அவரிடமே சென்று நின்றோம். அவர் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே ஒவ்வொரு சக்கரத்திற்கும் இருபுறமும் தாங்கல் வைத்துக் கொடுத்தார். கூலியும் கூடுதலாக வாங்கவில்லை. 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. அச்சின் அருமை அறிந்தவர் சொல்லைக் கேளாத வண்டியும் ஓடாது என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

வண்டியின் மொத்த அகலம் 70 செ.மீ. ஏன் அந்த அளவு? சுடுதளத்தின் வாயிலில் மாடுகள் நுழையாதபடி நட்டிருக்கும் இரண்டு கற்களுக்கு இடையே 85 செ.மீ.தான் இருக்கிறது. நாங்கள் நூல் பிடித்து அளந்த பிறகே இரும்பை அறுத்தோம். வழியை அளக்காமல் வண்டி செய்யாதீர்கள்!

சுமையை வைக்கும் முறை

இரண்டு சக்கர வண்டி ஒரு நெம்புகோல். அச்சே அதன் தாங்குபுள்ளி. சுமையின் நடுப்புள்ளி அச்சுக்கு நேர் மேலே இருந்தால் கைப்பிடியில் பாரமே தெரியாது. ஆனால் அப்படி வைத்தால் வண்டி மேட்டில் ஏறும்போது பின்னால் சாய்ந்துவிடும். ஆகவே சுமையின் நடுப்புள்ளி அச்சிலிருந்து சற்றே கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு? எங்கள் வண்டியில் அச்சிலிருந்து கைப்பிடி 100 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 40 கிலோவின் நடுப்புள்ளி 10 செ.மீ. முன்னால் இருந்தால் கையில் தெரியும் பாரம் 4 கிலோதான். கவனக் குறைவாக அடுக்கி, அது 30 செ.மீ. முன்னால் வந்துவிட்டால் 12 கிலோ! பொருள்கள் அவையே, வண்டியும் அதுவே; அடுக்கிய முறையில்தான் மூன்று மடங்கு வேறுபாடு.

எனவே தண்ணீர்க் கேன்களை அச்சுக்கு நேர் மேலே, அடித்தட்டில் வையுங்கள். பலகையில் இரண்டு வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கிறோம். கேன்களுக்கான இடம் அதுவே. மரச் சட்டங்கள் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும். விரிப்புகளைச் சுருட்டி மேலே வைத்துப் பழைய சைக்கிள் டியூப் பட்டைகளால் கட்டவேண்டும். முதலுதவிப் பெட்டி எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே, கட்டாமல், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ஆபத்து வரும்போது முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது.

இடம் இருக்கிறதே என்று எல்லோரும் தங்கள் பைகளைத் தூக்கி ஏற்றும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை அன்றே சொல்லியிருக்கிறார். அவருக்கு எங்கள் வண்டியைப் பற்றி முன்பே தெரிந்திருக்கும் போலும்! 45 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் எழுதியே வைத்துவிட்டோம்.

வண்டியில் ஏறாதவை

இரண்டு பொருள்கள் நம் வண்டியில் ஒருபோதும் ஏறக்கூடாது. ஒன்று துப்பாக்கி, மற்றொன்று தோட்டா. அமெரிக்கப் போட்டிகளில் துப்பாக்கி அவரவர் சொந்தப் பொருள். அதை வண்டியில் வைக்கும்போது கதவைத் திறந்து வைத்து, தோட்டா அறையில் ஒன்றுமில்லை என்று காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு சிறு கொடியைச் செருகி வைப்பார்கள். நம் துப்பாக்கிகளோ பட்டாலியனுக்குச் சொந்தமானவை. அவற்றை இராணுவ வீரர்களே ஆயுத அறையிலிருந்து எடுத்து வந்து, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கிச் செல்வார்கள். நாங்கள் சுடும் கோட்டில் படுத்த பிறகே அது எங்கள் கைக்கு வரும். வெறும் துப்பாக்கியையும் குண்டு நிரப்பிய துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். பெற்றோர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

வண்டி சுடும் கோட்டுக்குப் பின்னால், நிழல் இருந்தால் நிழலில், சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்து நிற்கவேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் நேரத்தில், தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்காமல் எழக்கூடாது.

காணாமற்போன கூடு

இப்போது சொல்லப்போவது எங்கள் நெஞ்சை விட்டு நீங்காத நாள். ஒன்பதாம் வகுப்பில், போட்டிக்கு முந்திய பயிற்சி. ஆறு பேர், ஆளுக்கு ஐந்து தோட்டா, மொத்தம் 30. சுட்டு முடித்த பின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் எண்ணிப் போட்டோம். 29 தான் இருந்தன!

ஒரு வெற்றுக் கூடு ஒன்றரை செ.மீ. நீளம்தான். ஆனால் அது கிடைக்காவிட்டால், ஒரு தோட்டா சுடப்படாமல் எங்கோ, யார் கையிலோ இருக்கிறது என்றுதான் பொருளாகும். யாரும் வீடு திரும்ப முடியாது. ஹவில்தாரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. எங்கள் பைகளையும் பாக்கெட்டுகளையும் நாங்களே கவிழ்த்துக் காட்டினோம். மணலை விரலால் சலித்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சந்தேகம் என்பது எவ்வளவு கொடியது என்று அன்று அறிந்தோம். வெயில் சாயத் தொடங்கியது.

அப்போது, முன்பு கை பிசகியவள் என்றோமே, அந்தச் சின்னத் தோழி, வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாள். பிறகு அதில் கட்டி வைத்திருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து உதறினாள். மூன்றாவது விரிப்பிலிருந்து கூடு தெறித்து விழுந்தது. வண்டிப் பலகைகளுக்கு இடையில் நாங்கள் விட்டிருந்த சந்தில் விழப் பார்த்தது. தாவிப் பிடித்தாள்! ஹவில்தார் அதை வாங்கி டப்பாவில் போட்டு, "முப்பது" என்றார். அந்த ஒரு சொல்லைப்போல் இனிய சொல்லை நாங்கள் கேட்டதில்லை. உருவம் சிறிதென்று எவரையும் எள்ளாதே, பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உண்டு என்ற பொருள்படும் குறளைத் தமிழாசிரியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அது விளங்கியது அன்றுதான்.

அன்று மாலையே இரண்டு மாற்றங்கள் செய்தோம். அடித்தட்டில் சந்துகளே இல்லாதபடி ஒரே பலகையாக மாற்றினோம். விரிப்பை இருவர் பிடித்து மூன்று முறை உதறிய பின்பே சுருட்ட வேண்டும் என்று விதி வகுத்தோம். வண்டியின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் இருக்கும் பட்டியலில் முதல் வரி இதுவே. போகும்போது ஒருத்தியும் திரும்பும்போது வேறொருத்தியும் அந்தப் பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும்.

வண்டியைக் காக்கும் முறை

மாதம் ஒருமுறை அச்சுக்கு எண்ணெய் விடுங்கள். நட்டுகளை முடுக்கிப் பாருங்கள். வேலிக்கருவை முள் டியூபைத் துளைக்காமல் இருக்க, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய டயரின் பட்டையை வைத்திருக்கிறோம்; அதை எடுத்துவிடாதீர்கள். ஆனாலும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும். மழையில் நிறுத்தாதீர்கள். தண்ணீர்க் கேன்களைக் காலி செய்து, கவிழ்த்து வையுங்கள். இழுப்பவர் ஒருத்தி, பின்னால் தள்ளுபவர் ஒருத்தி. கால் மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். அன்று முதலில் சுட வேண்டியவள் மட்டும் வண்டியைத் தொடக்கூடாது. அவள் கை ஓய்வில் இருக்கட்டும்.

பாட்டிக்கு எங்கள் பதில்

பெண்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று பாட்டி கேட்டது நியாயமான கேள்வியே. இந்தியாவில் என்.சி.சி. 1948-இல் தொடங்கியது, மறு ஆண்டே பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் நடக்கும் புகழ்பெற்ற அரசர் பரிசுப் போட்டியில், 1930-ஆம் ஆண்டு மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி, ஆண்கள் அனைவரையும் வென்று முதலிடம் பெற்றார். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண், ஆண்களோடு ஒரே போட்டியில் சுட்டு, முதலிடம் பெற்றவருக்குச் சமமான புள்ளிகள் எடுத்தார். விதிப்படி அவருக்கு வெள்ளிப் பதக்கமே தரப்பட்டது. தங்கம் வென்ற லானி பாஷம், அவர் கையைப் பிடித்துத் தம் மேடையிலேயே ஏற்றி நிறுத்திக்கொண்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், நாட்டுக்காக ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கி ஏந்தினார். 2024-ஆம் ஆண்டு பாரிஸில் மனு பாக்கர் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார்.

ஆனால் இவையெல்லாம் பெரியவர்களின் பெருமைகள். எங்கள் பதில் சிறியது. நாங்கள் சுட்டது காகிதத்தை மட்டுமே. யாரையும் வீழ்த்த நாங்கள் கற்கவில்லை. எங்கள் படபடப்பை அடக்கக் கற்றோம். பொறுமையாக மூச்சை நிறுத்தவும், எண்ணியதை எண்ணியபடி திருப்பித் தரவும், பிழை செய்தால் ஒப்புக்கொள்ளவும் கற்றோம். இவற்றைக் கற்கக்கூடாத பெண் உண்டோ?

வண்டி முழுமையானதும் பங்குத்தந்தை அவர்கள் அதை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்கள். ஆசீர்வாதம் பெற வண்டிக்கு மாலையெல்லாம் போட்டிருந்தோம்! தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் கைப்பிடியைப் பிடித்து, மைதானத்தில் தாமே ஒரு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போய் வாருங்கள்" என்றார்கள். அந்த ஆண்டுப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றோம். கோப்பை கிடைக்கவில்லை, சான்றிதழ்தான். ஆனால் ஆறு பேரும் சென்றோம்; ஆறு பேரும் சுட்டோம்; ஆறு பேரும் நலமாகத் திரும்பினோம். எங்கள் அணியில் மிக நெருக்கமாக ஐந்து குண்டுகளைப் பதித்தவள் யார் தெரியுமா? அந்தச் சின்னத் தோழியேதான்.

வண்டியின்மேல் போர்த்தியிருக்கும் சாக்கைக் கவனித்திருப்பீர்கள். மூலைகளில் மடித்து, அளவாக, அழகாகத் தைத்திருக்கிறது. அதைத் தைத்துக் கொடுத்தவர் அந்தப் பாட்டிதான். கொடுக்கும்போது அவர், "மழையில நனையவிடாதீங்க, கண்ணுகளா" என்று மட்டும் சொன்னார்.

தங்கைகளே, ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். அதை மரத்திலும் இரும்பிலும் செய்து பார்த்தோம், அவ்வளவுதான். இனி அந்தக் கைப்பிடி உங்கள் கையில். எண்ணெய் விட மறவாதீர்கள். விரிப்பை உதற மறவாதீர்கள். மழையில் நனைய விடாதீர்கள்!